எழுதிய பட்டியலும் எழுதாத பட்டியலும்: திறமூல மென்பொருளை பில்ட் செய்வது ஏன் இன்னும் சிரமமாகவே இருக்கிறது

ஒரு திறமூல மென்பொருளில் சிறிய பிழை ஒன்றைக் கண்டுபிடிக்கிறீர்கள். எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பதுகூடத் தெரிந்துவிடுகிறது. மூலநிரலை இறக்கி, அதை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்ற, அதாவது பில்ட் செய்ய, ரீட்மீ கோப்பில் இருக்கும் மூன்று கட்டளைகளை அப்படியே தட்டுகிறீர்கள். இரண்டாவது கட்டளையிலேயே வேலை நின்றுவிடுகிறது: இசட்லிப் என்ற லைப்ரரியின் (பல மென்பொருள்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுதி) உள்ளடக்கத்தை அறிவிக்கும் ஹெடர் கோப்பு கிடைக்கவில்லை என்கிறது, மூலநிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர். இசட்லிப் உங்கள் கணினியில் இருக்கத்தான் செய்கிறது. அதை நம்பிப் பல மென்பொருள்கள் ஓடிக்கொண்டும் இருக்கின்றன. ஆனால் ஓடுவதற்கு வேண்டிய லைப்ரரி ஒரு பொதியிலும், கம்பைல் செய்ய வேண்டிய ஹெடர் கோப்பு இன்னொரு பொதியிலும் இருக்கின்றன என்பதோ, அந்த இரண்டாவது பொதியை டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் 'இசட்லிப்1ஜி-டெவ்' என்றும் ஃபெடோரா என்ற விநியோகத்தில் 'இசட்லிப்-டெவெல்' என்றும் கேட்க வேண்டும் என்பதோ அந்தப் பிழைச் செய்தியில் எங்கும் இல்லை. தேடிப்பிடித்து நிறுவினால் அடுத்த ஹெடர் இல்லை என்கிறது. அதையும் நிறுவினால், இருக்கும் பதிப்பு பழையது என்கிறது. பொழுது சாயும்போது கணினியில் பத்துப் பொதிகள் புதிதாகச் சேர்ந்திருக்கின்றன. திருத்த வந்த அந்த ஒற்றை வரி தொடப்படாமலே கிடக்கிறது.

நிரலர்களில் இந்த அனுபவம் இல்லாதவர்கள் அரிது. கருவிகள் மோசம், ஆவணங்கள் போதவில்லை, பராமரிப்பாளர்களுக்கு நேரமில்லை என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றில் உண்மை உண்டு. ஆனால் அடியில் இருக்கும் காரணம் ஒன்றே என்று நான் கருதுகிறேன். ஒவ்வொரு மென்பொருளுக்கும் இரண்டு சார்புப் பட்டியல்கள், அதாவது அது நம்பியிருக்கும் மற்றவற்றின் பட்டியல்கள், இருக்கின்றன. ஒன்று, அதன் ஆசிரியர்கள் கோப்பில் எழுதிவைத்த பட்டியல். மற்றொன்று, அது பில்ட் ஆவதற்கு உண்மையிலேயே தேவைப்படும் எல்லாவற்றின் பட்டியல்: கம்பைலரின் குறிப்பிட்ட பதிப்பு, சி லைப்ரரி, ஷெல், சூழல் மாறிகள், கோப்புகள் இருக்கும் இடம், இணைய இணைப்பு, சில வேளைகளில் கணினியின் மொழி அமைப்பும் கடிகாரமும்கூட. எழுதியவரின் கணினியில் இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரிவதில்லை, ஏனெனில் எழுதாமல் விட்டவை எல்லாம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. வேறொருவர் கணினியிலோ, சில ஆண்டுகள் கழித்து அதே கணினியிலோ பில்ட் செய்யும்போதுதான் அந்த இடைவெளி பிழைச் செய்தியாக வெளிப்படுகிறது.

இந்தச் சிக்கல் பில்ட் கருவிகளுடனேயே பிறந்தது. ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் பெல் ஆய்வகத்தில் 'மேக்' கருவியை எழுதினார். எந்தக் கோப்பு எதிலிருந்து உருவாகிறது என்று ஒரு மேக்ஃபைலில் எழுதிவைத்தால், கோப்புகளின் கடைசி மாற்ற நேரத்தை ஒப்பிட்டு, பழையதாகிவிட்டவற்றை மட்டும் மேக் மறுபடி உருவாக்கும். யோசனை எளியது, வலுவானது. ஐம்பது ஆண்டுகளாக நிற்கிறது. ஆனால் மேக் சொன்னதை மட்டுமே அறியும். ஒரு சி கோப்பு மூன்று ஹெடர்களைச் சேர்த்துக்கொள்கிறது, மேக்ஃபைலில் இரண்டு மட்டுமே குறிக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவது ஹெடரில் ஒரு தரவு அமைப்பின் அளவை மாற்றினால், சில கோப்புகள் புதிய அளவோடும் சில பழைய அளவோடும் கம்பைல் ஆகி ஒன்றாக இணைந்துவிடும். பில்ட் வெற்றி என்றே மேக் சொல்லும். நிரல் ஓடும்போது காரணம் புரியாமல் சரியும். "எதற்கும் ஒருமுறை மேக் க்ளீன் அடித்துப் பார்" (உருவானவற்றையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கு) என்று நிரலர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பழக்கம் இப்படித்தான் வந்தது. பிற்பாடு கம்பைலர்களே தாம் படித்த ஹெடர்களின் பட்டியலை எழுதிக் கொடுக்கக் கற்றுக்கொண்டன. ஒரு சார்பை மனிதர் நினைவில் வைத்து எழுதுவதைவிட, அதைப் பயன்படுத்தும் கருவியே பதிவுசெய்வது நம்பகமானது என்பதற்கு இதுவே முதல் நல்ல சான்று.

மேக்ஃபைலில் கட்டளை வரி டேப் எழுத்துடன்தான் தொடங்க வேண்டும் என்ற விதியும் அப்போது வந்ததே. இடைவெளிகளுக்கும் டேப்புக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாததால் எத்தனையோ பேர் இதில் இடறியிருக்கிறார்கள். அதை மாற்றலாம் என்று தோன்றியபோது ஏறக்குறைய பன்னிரண்டு பேர் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள் என்றும், அவர்களுக்குத் தொல்லை தர மனமில்லை என்றும் ஃபெல்ட்மன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பில்ட் உலகில் ஒரு முடிவு எவ்வளவு சீக்கிரம் இறுகிவிடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

1990களின் தொடக்கத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தின் வகைகள் பெருகியிருந்தன. ஒன்றில் இருக்கும் சார்பலன் (பெயர் சொல்லி அழைக்கும் நிரல்துண்டு, ஃபங்ஷன்) மற்றொன்றில் இருக்காது. ஒன்றில் முழு எண்ணின் அளவு ஒன்று, மற்றொன்றில் வேறு. 1991இல் வந்த ஆட்டோகான்ஃப் என்ற கருவி இதற்கு ஒரு புதிய வழியைக் கண்டது. கணினியின் பெயரைப் பார்த்து ஊகிக்காமல், கணினியிடமே நேரடியாகக் கேட்பது. இந்தச் சார்பலன் இருக்கிறதா என்று அறிய, அதை அழைக்கும் ஒரு சிறு நிரலை ஆட்டோகான்ஃப் உருவாக்கித் தரும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் எழுதும், கம்பைல் செய்து பார்க்கும். கம்பைல் ஆகிவிட்டால் 'ஆம்', ஆகாவிட்டால் 'இல்லை' என்று குறித்துக்கொள்ளும். ஒரு பெரிய மென்பொருளில் இப்படி நூற்றுக்கணக்கான கேள்விகள் வரிசையாக ஓடுவதைப் பலரும் திரையில் பார்த்திருப்பார்கள்.

இந்த முறையின் பலவீனம், கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டே விடைகள் இருப்பதுதான். 'எனக்கே கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரியவில்லை' என்ற மூன்றாவது விடைக்கு அங்கே இடமில்லை. 2024 மே மாதம் வெளிவந்த, ஜிசிசி கம்பைலரின் புதிய பதிப்பான ஜிசிசி 14 இதை நன்றாக வெளிக்கொணர்ந்தது. அறிவிக்கப்படாத சார்பலனை அழைப்பதை சி மொழித் தரம் 1999லேயே கைவிட்டுவிட்டது. கம்பைலர்கள் மட்டும் அதை எச்சரிக்கையோடு அனுமதித்து வந்தன. ஜிசிசி 14 அதைப் பிழையாக்கியது. மென்பொருளின் சொந்த நிரலில் அப்படி ஓர் அழைப்பு இருந்தால் பில்ட் நிற்கும், வரி எண்ணோடு பிழை தெரியும், திருத்திவிடலாம். ஆனால் பழைய கான்ஃபிகர் ஸ்கிரிப்டுகள் எழுதும் சோதனை நிரல்களில் பல, உரிய ஹெடரைச் சேர்க்காமலே 'எக்ஸிட்' சார்பலனை அழைத்து முடிபவை. அவை இப்போது கம்பைல் ஆவதில்லை. கான்ஃபிகர் அதைத் தன் சோதனை நிரலின் குறையாகப் பார்ப்பதில்லை, 'இந்தக் கணினியில் இந்த வசதி இல்லை' என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விடுகிறது. பில்ட் வெற்றிகரமாக முடிகிறது. கையில் கிடைக்கும் மென்பொருளில் ஒரு வசதி மட்டும் ஓசையில்லாமல் காணாமல் போயிருக்கிறது. இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து, ஃபெடோரா திட்டத்தைச் சேர்ந்தவர்கள் பொதிகளை வரிசையாகச் சோதித்து, மூலத் திட்டங்களுக்குத் திருத்தங்களை அனுப்பினார்கள். வெளியே அதிகம் பேசப்படாத, ஆனால் மிகுந்த மரியாதைக்குரிய உழைப்பு அது.

அடுத்து வந்த கருவிகள் முந்தையவற்றின் குறையைத் தீர்க்க வந்தவையே. மருத்துவப் படங்களுக்கான ஒரு மென்பொருள் தொகுப்பு விண்டோஸிலும் யூனிக்ஸிலும் ஒரே விவரிப்பிலிருந்து பில்ட் ஆக வேண்டும் என்ற தேவையிலிருந்து, 2000ஆம் ஆண்டளவில் கிட்வேர் நிறுவனத்தில் சிமேக் உருவானது. 2013இல் மெசான் தொடங்கியது. குரோம் உலாவியின் பில்ட் வேகத்துக்காக எழுதப்பட்ட நிஞ்சா பின்னணியில் வேலை செய்ய, மெசான் வேகத்திலும் வாசிக்க எளிய நடையிலும் பலரை ஈர்த்தது. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியும், க்னோம் மேசைச்சூழலின் திட்டங்கள் பலவும் அதற்கு மாறின. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியே நியாயமானதுதான். மொத்தமாகப் பார்த்தால், இருபது சார்புகள் கொண்ட ஒரு மென்பொருளைத் தொடக்கத்திலிருந்து பில்ட் செய்ய விரும்புகிறவர் இன்று மேக், ஆட்டோகான்ஃப், சிமேக், மெசான், ரஸ்ட் மொழியின் கார்கோ என்று எல்லாவற்றையும் கணினியில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் சில பைதானையும் பெர்லையும் இழுத்துவருகின்றன. பில்ட் கருவியே ஒரு சார்பு என்பது பட்டியல் எழுதும்போது எளிதில் மறந்துபோகிறது.

அந்தக் கருவிக்கும் வயதாகிறது. சிமேக்கில் ஒவ்வொரு திட்டமும் தனக்குக் குறைந்தபட்சம் எந்தப் பதிப்பு வேண்டும் என்று முதல் வரியில் எழுத வேண்டும். பலர் அதை எங்கிருந்தோ நகலெடுத்து, 2.8 என்று எழுதிவிட்டு அதன்பின் தொட்டதே இல்லை. 2025 மார்ச்சில் வந்த சிமேக் 4.0, 3.5க்கு முந்தைய பதிப்புகளோடு இருந்த ஒத்திசைவை நீக்கியது. நிரலில் எந்தக் குறையும் இல்லாத, ஆண்டுக்கணக்கில் யாரும் மாற்றத் தேவையில்லாதிருந்த சிறு லைப்ரரிகள் ஒரே நாளில் பில்ட் ஆக மறுத்தன. பழைய ஒத்திசைவைச் சுமந்துகொண்டே இருப்பதற்கும் ஒரு செலவு இருக்கிறது என்பதால் சிமேக் குழுவைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் 'முடிந்துவிட்ட மென்பொருள்' என்று ஒன்று இனி இருக்க முடியாது என்பதை இது உணர்த்துகிறது. வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கும் நிரலுக்கும், அதைச் சுற்றியுள்ள உலகம் நகர்வதால், யாராவது ஒருவர் ஆண்டுதோறும் பில்ட் விவரிப்பைக் கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இதுவரை சொன்னது சி, சி++ மொழிகளின் உலகம். அங்கே மற்றவர் நிரலைப் பயன்படுத்துவது சிரமம் என்பதாலேயே சார்புகள் குறைவாக இருந்தன. பெர்ல் மொழிக்கு 1995இல் சிபேன் என்ற பொதிக் களஞ்சியம் வந்தது. 2010இல் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் சூழலுக்கு என்பிஎம் வந்தது. ஒரே கட்டளையில் எந்தப் பொதியும் கைக்கு வரும் என்றானதும் சார்புகளின் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் பெருகியது. நேரடியாக ஐந்து பொதிகளைக் கேட்ட திட்டத்துக்குள், அவற்றின் சார்புகள், சார்புகளின் சார்புகள் என்று நூற்றுக்கணக்கில் வந்து சேர்வது வழக்கமாகிவிட்டது. 2016 மார்ச் 22 அன்று, ஒரு பெயர்ச் சர்ச்சையில் மனம் கசந்த ஆசிரியர் ஒருவர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து தம் பொதிகளையெல்லாம் நீக்கினார். அவற்றில் ஒன்று லெஃப்ட்-பேட். சரத்தின் இடப்புறத்தை நிரப்பித் தரும் 11 வரி நிரல். பேபல் போன்ற பெரிய கருவிகளின் சார்புச் சங்கிலியில் எங்கோ ஆழத்தில் அது இருந்ததால், அதன் பெயரைக் கேள்வியே பட்டிராத எண்ணற்ற திட்டங்களின் பில்ட் நின்றது. சில மணி நேரத்தில் களஞ்சியம் அதை மீட்டது. பொதிகளை நீக்கும் விதியும் பின்னர் இறுக்கப்பட்டது. அந்த 11 வரியை நீங்களே எழுதியிருக்கலாமே என்று அன்று பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி குறி தவறியது என்றே நினைக்கிறேன். பாதிக்கப்பட்டவர்கள் யாரும் அந்தப் பொதியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அது தம்மிடம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பொதிகள் பெருகும்போது பதிப்புகளைப் பொருத்துவதே தனிச் சிக்கலாகிறது. உங்கள் திட்டத்துக்கு 'அ', 'ஆ' என்ற இரண்டு லைப்ரரிகள் வேண்டும். இரண்டுக்குமே 'இ' வேண்டும். ஆனால் 'அ' கேட்பது இ-யின் முதல் பெரும்பதிப்பு, 'ஆ' கேட்பது இரண்டாவது. வரைந்து பார்த்தால் வைர வடிவில் இருப்பதால் இதை 'டயமண்ட்' சிக்கல் என்பார்கள். நோட் சூழலில் இ-யின் இரண்டு பிரதிகளையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். பைதானில் ஒரு சூழலுக்கு ஒரு பிரதிதான். இத்தகைய நிபந்தனைகள் எல்லாவற்றையும் நிறைவுசெய்யும் ஒரு தொகுதி இருக்கிறதா என்று கண்டறிவது, கணினியியலில் என்பி-முழுமை எனப்படும் கடினமான வகையைச் சேர்ந்தது. லினக்ஸ் விநியோகங்களின் பொதிகளை ஆராய்ந்தவர்கள் 2000களின் நடுவிலேயே இதை நிறுவியிருக்கிறார்கள். பைதானில் பொதிகளை நிறுவும் பிப் கருவி 2020 நவம்பரில் வந்த 20.3 பதிப்பு வரை இதை முறையாகத் தீர்க்க முயலவே இல்லை. முதலில் கண்ட நிபந்தனையை எடுத்துக்கொண்டு, பின்னால் வரும் முரண்பாட்டை விட்டுவிடும். புதிய தீர்வுமுறை வந்தபோது, அதுவரை நிறுவ முடிந்த சில தொகுதிகளை இப்போது நிறுவ முடியவில்லை என்று பலர் வருந்தினார்கள். உண்மையில் அந்தத் தொகுதிகள் முன்பும் பொருந்தாதவைதான். பிப் அதை வெளியே சொல்லத் தொடங்கியதுதான் மாற்றம். கோ மொழி 2018இல் வேறு பாதையை எடுத்தது: நிபந்தனைகளை நிறைவுசெய்யும் பதிப்புகளில் மிகப் பழையதையே தேர்ந்தெடுப்பது. தேடலே தேவையில்லை, விடையும் நாளுக்கு நாள் மாறுவதில்லை. சிக்கலைத் தீர்க்கக் கடினமாக உழைப்பதைவிட அதை எளிய சிக்கலாக மாற்றிக்கொண்ட அந்த அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்தது.

பதிப்புகள் தாமாக நகர்வதைத் தடுக்க லாக் கோப்புகள் வந்தன. ரூபியின் பண்ட்லர் 2010லேயே அதைக் கொண்டுவந்தது. 2016இல் வந்த யார்ன் ஜாவாஸ்கிரிப்ட் உலகில் அதைப் பரவலாக்கியது. ஒருமுறை தேர்ந்த பதிப்புகளை ஒரு கோப்பில் அப்படியே பூட்டிவைப்பதால், அடுத்த முறையும் அவையே வரும். இது பெரிய முன்னேற்றம். ஆனால் லாக் கோப்பு தன் மொழிக்குள் இருக்கும் பொதிகளை மட்டுமே பூட்டுகிறது. கம்பைலரும், இயங்குதளத்தின் லைப்ரரிகளும், பில்ட் கருவியும் பூட்டுக்கு வெளியே நிற்கின்றன. இந்த எல்லையில்தான் பைதான் உலகின் பெரும்பாலான துயரங்கள் நடக்கின்றன.

பைதானின் கிரிப்டோகிராஃபி பொதியை எடுத்துக்கொள்வோம். நினைவகப் பிழைகளிலிருந்து பாதுகாப்புத் தேடி, அதன் பராமரிப்பாளர்கள் நிரலின் ஒரு பகுதியை ரஸ்ட் மொழிக்கு மாற்றத் தொடங்கினார்கள். 2021 பிப்ரவரியில் வந்த 3.4 பதிப்பை மூலநிரலிலிருந்து பில்ட் செய்ய ரஸ்ட் கம்பைலர் தேவைப்பட்டது. பெரும்பாலோருக்கு இது தெரியவே போவதில்லை என்று அவர்கள் எதிர்பார்த்ததில் நியாயம் இருந்தது. வீல் எனப்படும், முன்பே கம்பைல் செய்த பொதிகளை அவர்கள் எல்லாப் பரவலான தளங்களுக்கும் கொடுத்திருந்தார்கள். ஆனால் லினக்ஸுக்கான அந்த வீல்கள் ஜிலிப்சி என்ற சி லைப்ரரியை நம்பியவை. மென்பொருளை அதன் சூழலோடு அடைத்து ஓட்டும் கண்டெய்னர்களில் பெரிதும் பயன்படும் ஆல்பைன் லினக்ஸில் இருப்பது மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரி. அங்கே வீல் பொருந்தாததால் பிப் சத்தமில்லாமல் மூலநிரலை இறக்கி பில்ட் செய்யப் போனது. ரஸ்ட் இல்லை என்று நின்றது. பழைய பிப் வைத்திருந்தவர்களுக்கும் புதிய வகை வீலை அடையாளம் தெரியாததால் அதே கதி. ரஸ்டே ஓடாத பழைய செயலிகளில் லினக்ஸை ஓட்டிக்கொண்டிருந்த ஆர்வலர்களுக்கோ வழியே அடைபட்டது. கோபம் முழுவதும் பராமரிப்பாளர்கள் மேல் விழுந்தது. அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. பாதுகாப்புக்காகவே இருக்கும் ஒரு லைப்ரரி பாதுகாப்பான மொழிக்கு மாறுவது சரியான முடிவு. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர், தாங்கள் ஒரு சி கம்பைலரையும் ஒரு குறிப்பிட்ட சி லைப்ரரியையும் நம்பியிருக்கிறோம் என்பதை அன்றுதான் அறிந்தார்கள். மஸ்ல் தளங்களுக்கும் வீல் தயாரிக்க வழிசெய்யும் தரம் அந்த ஆண்டே ஏற்கப்பட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2025 மார்ச்சில், பைதான் பொதிகளை பில்ட் செய்யும் செட்டப்டூல்ஸ் கருவியின் 78ஆவது பதிப்பு அதே எல்லையை வேறு பக்கத்திலிருந்து தொட்டது. அமைவுக் கோப்பில் 'டிஸ்கிரிப்ஷன்-ஃபைல்' என்று இடைக்கோட்டோடு எழுதுவதைக் கைவிட்டு அடிக்கோட்டோடு எழுத வேண்டும் என்று அது பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தது. இந்தப் பதிப்பில் எச்சரிக்கை பிழையானது. இடைக்கோடு இருந்த பழைய பொதிகள் பில்ட் ஆகவில்லை. தங்கள் சார்புகள் அனைத்தையும் துல்லியமாகப் பூட்டிவைத்திருந்தவர்களும் இதில் மாட்டினார்கள். பூட்டப்பட்ட பொதிக்கு வீல் இல்லாதபோது, பிப் அதை பில்ட் செய்வதற்கென்று தனியாக ஒரு சூழலை உருவாக்கி, அதில் அன்றைய தேதியில் கிடைக்கும் புதிய செட்டப்டூல்ஸை இறக்கிக்கொள்கிறது. பயன்படுத்தும் பொதிகள் பூட்டுக்குள்ளும், அவற்றை உருவாக்கும் கருவி பூட்டுக்கு வெளியேயும் இருந்தன. மாற்றம் சில மணி நேரத்தில் திரும்பப் பெறப்பட்டது. எச்சரிக்கையை ஏன் யாரும் திருத்தவில்லை என்றால், அது பில்ட் பதிவின் நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே, அதைத் திருத்த முடியாதவர்களின் திரையில்தான் தோன்றிக்கொண்டிருந்தது.

தயார்நிலை இருமக் கோப்பை, அதாவது கம்பைல் செய்து முடித்த நிரலை, கொடுத்துவிட்டால் பில்ட் தொல்லையே இல்லை என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சுவர் காத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34, நிரலைத் தொடங்கிவைக்கும் அடிப்படைச் சார்பலனுக்குப் புதிய பதிப்புக் குறியைக் கொடுத்தது. அதனால் புதிய கணினியில் கம்பைல் செய்த மிக எளிய நிரலும், பழைய கணினியில் 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வரியோடு ஓட மறுக்கிறது. பரவலாக ஓட வேண்டிய இருமங்களை வேண்டுமென்றே மிகப் பழைய லினக்ஸில் பில்ட் செய்வது இதனால்தான்.

இவையெல்லாம் நேர விரயம், எரிச்சல் என்ற அளவில் நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பில்ட் விவரிப்பை யாரும் படிப்பதில்லை என்பதே ஒரு தாக்குதலுக்கு வாசலாக முடியும் என்பதை 2024 மார்ச் 29 அன்று உலகம் கண்டது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் நிரலர்களுள் ஒருவரான ஆன்ட்ரெஸ் ஃப்ராயண்ட், தம் டெபியன் கணினியில், தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, அதைத் துருவிப் பார்த்து, எக்ஸ்இசட் என்ற சுருக்க லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் ஒன்று வைக்கப்பட்டிருப்பதை வெளியிட்டார். 'ஜியா டான்' என்ற பெயரில் இரண்டாண்டுகளுக்கு மேலாகப் பங்களித்து, தனியாளாகச் சுமந்துகொண்டிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, பராமரிப்பு உரிமையையும் பெற்ற ஒருவரின் வேலை அது.

அந்தத் தாக்குதல் எப்படிப் போனது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும். எஸ்எஸ்ஹெச் சேவையகம் எக்ஸ்இசட்டைப் பயன்படுத்துவதே இல்லை. சில லினக்ஸ் விநியோகங்கள், சேவை தொடங்கிவிட்டது என்று சிஸ்டம்டிக்கு அறிவிப்பதற்காக அதில் சிஸ்டம்டி லைப்ரரியை இணைத்தன. சிஸ்டம்டி லைப்ரரிக்கு எக்ஸ்இசட் வேண்டும். கணினிக்குள் நுழையும் முதன்மை வாசலுக்குள் ஒரு சுருக்க லைப்ரரி இப்படி வந்து சேர்ந்தது. தீய நிரல், மூலநிரலும் அதன் மாற்றங்களும் பதிவாகும் கிட் களஞ்சியத்தின் மூலநிரலில் வாசிக்கும்படி எங்கும் இல்லை. அது சோதனைக்கென்று வைக்கப்பட்ட, கெட்டுப்போனதுபோல் தோன்றும் இருமக் கோப்புகளுக்குள் மறைந்திருந்தது. அதை வெளியே எடுத்து பில்ட்டுக்குள் செலுத்தும் வரிகள், பதிப்பை வெளியிடும்போது தரப்படும் தொகுப்புக் கோப்பான டார்பாலில் இருந்த, பில்ட் விவரிப்பின் பகுதியான ஓர் எம்4 கோப்பில் மட்டும் இருந்தன, களஞ்சியத்தில் இல்லை. களஞ்சியத்துக்கும் டார்பாலுக்கும் வித்தியாசம் இருப்பதை யாரும் சந்தேகிக்கவில்லை, ஏனெனில் ஆட்டோகான்ஃப் மரபில் அது இயல்பானது. பயன்படுத்துபவருக்கு ஆட்டோகான்ஃப் தேவைப்படக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், தானியங்கியாக உருவான பல்லாயிரம் வரி கான்ஃபிகர் ஸ்கிரிப்டை டார்பாலில் சேர்த்துத் தருவது முப்பதாண்டுப் பழக்கம். அந்த வரிகளை எவரும் படிப்பதில்லை, படிக்கவும் இயலாது.

இதனோடு இன்னொரு சிறிய வேலையும் நடந்திருந்தது. எக்ஸ்இசட்டின் சிமேக் கோப்பில், லேண்ட்லாக் என்ற பாதுகாப்பு வேலி கணினியில் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை நிரல் ஒன்று உண்டு. அதற்குள் ஒரு வரியில் தனியாக ஒரு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டிருந்தது. முற்றுப்புள்ளியால் சோதனை நிரல் எப்போதுமே கம்பைல் ஆகாது. கம்பைல் ஆகவில்லை என்றால் 'இந்தக் கணினியில் லேண்ட்லாக் இல்லை' என்று பொருள். எனவே பாதுகாப்பு வேலி அணைந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஜிசிசி 14 தற்செயலாகச் செய்ததை இந்த ஒரு புள்ளி திட்டமிட்டுச் செய்தது. கேட்கத் தெரியாமல் போனதையும் இல்லை என்பதையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் அந்தப் பழைய பலவீனம், முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவருக்கு ஆயுதமாகக் கிடைத்தது. அந்தக் கோப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

இனி என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு இருவேறு மரபுகள் இருவேறு விடைகளைத் தருகின்றன. விநியோகங்களின் மரபு, ஒவ்வொரு லைப்ரரியும் கணினியில் ஒரு பிரதி மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது. ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும். திட்ட ஆசிரியர்களில் பலர், தாங்கள் சோதித்த பதிப்பையே மூலநிரலோடு நகலெடுத்து வைத்துக்கொள்ள விரும்புகிறார்கள். அப்படிச் செய்தால், பயனரின் கணினியில் எந்தப் பதிப்பு இருக்குமோ என்ற கவலை அவர்களுக்கு இல்லை. டெபியன் இந்த நகல்களை விரும்புவதில்லை. இரு தரப்பும் சொல்வது சரியே, இருவரும் சுமப்பது வெவ்வேறு பாரம் என்பதால். ஆசிரியருக்குப் பிழை அறிக்கைகள் வருகின்றன. விநியோகத்தாருக்கு இசட்லிப்பில் ஓட்டை என்றால் அதன் நகல்கள் எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கின்றன என்று தேடும் வேலை வருகிறது.

2013இல் வந்த டாக்கர் மூன்றாவது வழியைத் திறந்தது: ஓடும் சூழலை முழுவதுமாகப் படம்பிடித்து வைத்துவிடுவது. நடைமுறையில் அது பெரிய நிம்மதியைத் தந்தது. ஆனால் டாக்கர்ஃபைல் வழக்கமாக இணையத்திலிருந்து அன்றைய பொதிகளை இறக்கித்தான் படத்தை உருவாக்குகிறது; அதே கோப்பு ஆறு மாதம் கழித்து வேறு படத்தைத் தரும், அல்லது எதையும் தராது. எழுதாத பட்டியல் அங்கே எழுதப்படவில்லை, உறையவைக்கப்பட்டிருக்கிறது.

அதை எழுதவைக்கும் முயற்சி எல்கோ டோல்ஸ்ட்ரா 2003இல் தொடங்கிய நிக்ஸ் என்ற பொதி மேலாண்மைக் கருவியில் இருக்கிறது. நிக்ஸ் ஒவ்வொரு பொதியையும் அடைத்த சூழலுக்குள் பில்ட் செய்கிறது. அங்கே இணையம் இல்லை. அறிவிக்கப்படாத எந்த லைப்ரரியும் கண்ணில் படாது. ஹெடர் ஒன்றைக் குறிப்பிட மறந்தால் ஆசிரியரின் சொந்தக் கணினியிலேயே பில்ட் தோற்கும். மறந்தவருக்கு உடனே தெரிவதும், ஆண்டுகள் கழித்து அறிமுகமில்லாத ஒருவருக்குத் தெரிவதும்தான் இதற்கும் பழைய முறைக்கும் உள்ள முழு வேறுபாடு. இதற்கு விலையும் உண்டு. அதன் மொழியைக் கற்பது எளிதன்று, வெளியே தயாரான இருமங்கள் அதில் சுலபமாக ஓடுவதுமில்லை. டெபியனில் 2013 முதல் நடக்கும் மறுஉருவாக்க பில்ட் முயற்சி இன்னொரு முனையிலிருந்து வருகிறது: ஒரே மூலநிரலிலிருந்து இருவர் தனித்தனியே பில்ட் செய்தால் பைட்டுக்குப் பைட் ஒரே கோப்பு வர வேண்டும். வராதபோது, கோப்பில் பதிந்த தேதி, கோப்புகளை வரிசைப்படுத்திய விதம், பில்ட் செய்த அடைவின் பெயர் என்று அதுவரை யாரும் சார்பாகக் கருதாதவை ஒவ்வொன்றாக வெளிவருகின்றன.

பட்டியலை எவ்வளவு தூரம் பின்னோக்கி எழுத முடியும்? கம்பைலரும் ஒரு நிரல்தான். அதை பில்ட் செய்ய இன்னொரு கம்பைலர் வேண்டும். கம்பைலருக்குள் பின்வாசலை வைத்தால், மூலநிரலில் எந்தத் தடயமும் இல்லாமல் அது தலைமுறை தலைமுறையாகத் தொடரும் என்று கென் தாம்சன் 1984இல் வெளியான தம் டூரிங் விருது உரையில் காட்டினார். நிக்ஸைப் போன்ற பொதி மேலாண்மைக் கருவியான கைக்ஸ் திட்டத்தினர் இந்தச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிப் போனார்கள். 2023இல் அவர்களுடைய பொதிகளின் சங்கிலி 357 பைட் அளவுள்ள ஒரு சிறு இருமத்தில் வந்து நின்றது. அதிலிருந்து ஓர் எளிய அசெம்ப்ளர், அதிலிருந்து ஒரு சிறு சி கம்பைலர், அதிலிருந்து பழைய ஜிசிசி, அதிலிருந்து புதிய ஜிசிசி என்று எல்லாம் மூலநிரலிலிருந்தே எழுகின்றன. இந்த வேலைகளை வரிசைப்படுத்தி நடத்திக்கொடுக்கத் தயார்நிலையில் உள்ள கைல் (ஒரு நிரல்மொழி இயக்கி) இருமம் ஒன்றும், அடியில் இயங்குதளத்தின் கருவான ஒரு லினக்ஸ் கெர்னலும் இன்னும் தேவைப்படுகின்றன. அந்தக் கைல் இருமம் ஏறக்குறைய 25 மெகாபைட் அளவுள்ளது என்பதையும், அதையும் அகற்ற வேண்டியிருக்கிறது என்பதையும் தங்கள் சாதனையை அறிவித்த அதே குறிப்பில் அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.